துரு எடுக்கும் கூலி

ஹெரால்டு காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் முகத்தைச் சொல்வார்கள். பானெட் மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் அழகைச் சொல்வார்கள். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்த கார் அது. 1959-இல் இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டாக வந்தது. 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாராகத் தொடங்கியது. இந்த அழகையெல்லாம் சுமக்கும் சேசிஸை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதற்குத் துரு எடுத்து, பெயின்ட் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்னையில் கடலை ஒட்டிய ஒரு வீட்டின் கார் ஷெட்டுக்குப் போயிருந்தேன்.

அம்பாசடரிலும் பத்மினியிலும் சேசிஸ் என்று தனியாகக் கழற்ற எதுவும் இல்லை. எல்லாம் பாடியோடு சேர்ந்ததுதான். ஹெரால்டு பிறந்த காலத்தில் கார் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஆனால், டிரயம்ப் கார்களுக்குப் பாடி செய்து கொடுத்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் பாடியைப் பகுதி பகுதியாகச் செய்து, தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைய நெருக்கடி இன்று வசதியாகிவிட்டது. போல்ட்டுகளைக் கழற்றி நாலு பேர் கை கொடுத்தால் பாடி தனியாக வந்துவிடும்.

ஷெட்டில் சேசிஸ் மட்டும் இரும்பு ஸ்டாண்டுகள் மேல் கிடந்தது. நடுவில் இரண்டு பெட்டிச் சட்டங்கள். அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் பாடியைத் தாங்க நீளும் துண்டுகளை மேஸ்திரி ‘கை’ என்கிறார். சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் இந்தக் கைகளில்தான் அப்பிக்கொள்ளும்.

மேஸ்திரி சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் பின்பக்கக் கை ஒன்றில் பொத்தென்று அடங்கியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். உள்ளே இறங்கிவிட்டது.

“வெளியில பாத்தா நல்லாத்தான் சார் இருக்கும். இது உள்ளேயிருந்து தின்னுட்டு வரும்.”

துருவுக்குத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். கடற்கரையோரம் மூன்றுக்கும் பஞ்சமில்லை. பெட்டிச் சட்டத்துக்குள் நுழைந்த தண்ணீர் வெளியேற அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒட்டிய தகடுகளையும் நெம்பிப் பிரித்துவிடும். உளுத்த கையை வெல்டர் வெட்டியெடுத்து, புதிய தகட்டை வளைத்துப் பற்றவைத்தார்.

மிச்சமுள்ள வேலையில் பெரும்பங்கு, இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பியுடையது. முதலில் மண்ணெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் போட்டுப் பழைய கிரீஸைக் கழுவினார். முன்பெல்லாம் மழைக்காலத்துக்கு முன் சர்வீஸ் ஸ்டேஷன்களில் வண்டிக்கு அடியில் பழைய ஆயிலைப் பீய்ச்சுவார்கள். அது பல வண்டிகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அந்தப் பிசுக்கோடு கிரைண்டரை வைத்தால் எண்ணெய் இரும்பெங்கும் பரவி, மேலே பெயின்ட் நிற்காது. அதனால் கழுவிக் காய்ந்த பிறகுதான் கிரைண்டரில் கம்பி பிரஷ். கிரைண்டர் நுழையாத மூலைகளில் கையால் கம்பி பிரஷ், கடைசியில் உப்புத்தாள். கைகள் சட்டத்தோடு சேரும் இடுக்கு ஒன்றில் விரலளவு வெள்ளை இரும்பைப் பார்ப்பதற்குள் அவர் மூன்று தடவை மாறிப் படுத்தார்: ஒருமுறை மல்லாந்து, ஒருமுறை ஒருக்களித்து, ஒருமுறை குப்புற.

மணல் பீய்ச்சினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். வீட்டில் அதெல்லாம் முடியாது என்றார் மேஸ்திரி. முடிந்தாலும் கூடாது. மணல் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், வந்தால் போகாது.

குழிகளில் எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்குப் பூசும் மருந்துகளில் ஒரு வகையில் டானிக் அமிலம் இருக்கிறது. அது துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறும். நம் ஊரில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே ரசாயனம்தான். உதிரும் துருவுக்கு மேல் இது பலிக்காது. எனவே தேய்ப்பிலிருந்து இதுவும் யாரையும் தப்பவிடாது.

பெயின்ட் நாளில் வேகமே வேறு. காலையில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, துடைத்து, காயவிட்டார்கள். நண்பகல் வாக்கில் கடல்காற்று திரும்புவதற்குள் முதல் பூச்சு ஏறியாக வேண்டும். எபாக்சி பிரைமரையும் ஹார்டனரையும் டப்பாவில் சொன்ன அளவில் கலந்தார் மேஸ்திரி. கலந்த பிறகு நேரக் கணக்குதான். தாமதித்தால் டப்பாவிலேயே இறுகிவிடும். ஸ்ப்ரே கன்னை எடுப்பதற்கு முன் பிரஷ்ஷால் எல்லா விளிம்புகளிலும் வெல்டிங் தையல்களிலும் ஒரு கோடு இழுத்தார். ஈரப் பெயின்ட் விளிம்பிலிருந்து பின்வாங்கி அங்கே மெலிந்துவிடும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தால் போதாதா என்றதற்கு, “அது ஈரத்த உறிஞ்சும் சார். மேல பெயின்ட் இல்லாம நம்பக் கூடாது” என்றார்.

சேசிஸ் நம்பர் மேல் டேப் ஒட்டியிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்த நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கேட்பார்கள். கனமாகப் பெயின்ட் ஏறினால் எழுத்து விழாது. வயருக்கு எர்த் கொடுக்கும் இடத்தையும் மறைத்திருந்தார்கள்; அங்கே இரும்பு இரும்பைத் தொட வேண்டும். கறுப்பு மேல்பூச்சு காய்ந்ததும், ஓட்டைகள் வழியே நீளக் குழாயை விட்டுப் பெட்டிச் சட்டத்துக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினார்கள். கண்ணுக்கே தெரியாத இந்த வேலைதான் உளுத்துப்போனதற்கு நேரான பதில்.

எனக்கு உறுத்தியது கூலிக் கணக்கு. கன் பிடிப்பவருக்குக் கிடைப்பதில் பாதிதான் துரு எடுப்பவருக்கு. பெயின்ட் எத்தனை வருடம் நிற்கும் என்பதை முடிவு செய்வது அவர் கை. தூசியை விழுங்குவதும் அவர்தான். மூக்கில் அவர் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. மேஸ்திரிக்கு மட்டும் ஃபில்டர் வைத்த மாஸ்க். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் சில பெயின்ட்களின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பதால் அவருக்கு அது தேவைதான். ஆனால் பழைய பெயின்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் ஈயமும் இருக்கலாம். அந்தத் தம்பிக்கும் மாஸ்க் தேவை.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். “பாலிஷுக்குக் கேட்டா கொடுத்துடறோம், இதுக்குத்தான் பேரம் பேசறோம்” என்று ஒப்புக்கொண்டார். மேஸ்திரி இப்போதெல்லாம் துரு எடுப்பதைப் பெயின்ட் ரேட்டோடு சேர்த்துச் சொல்வதில்லையாம். தனியாக நாள் கூலி. சேர்த்துச் சொன்னால் பேரத்தில் முதலில் அடிபடுவது அந்த நாட்கள்தான். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் நன்மைக்காகவே ஏற்கலாம். எந்த விலைப் பெயின்டும் துருவின் மேல் நிற்காது. தேய்க்கிறவருக்கு இரண்டு நாள் கூலியும் நல்ல மாஸ்க் ஒன்றும் கூடுதலாகக் கொடுப்பது, மறுபடி வெல்டரைக் கூப்பிடுவதைவிட மலிவு.