அசோலாக் குழி

தந்தையார் மறைந்த பின்னர் ஊரில் அம்மாவுக்குத் துணையாக எஞ்சியிருந்தது ஒரு பசுதான். பிண்ணாக்கின் விலையும் தவிட்டின் விலையும் ஏறிக்கொண்டே போயின. விடுமுறைக்குச் சென்றிருந்த ஓரிரவு, "மாட்டைக் கொடுத்துவிடலாமா, தம்பி?" என்று அம்மா கேட்டார். விடைக்குக் காத்திராமல் எழுந்து தொழுவத்திற்குப் போய்விட்டார்.

என்னுடன் பணியாற்றும் தாவரவியல் ஆசிரியரிடம் இதனைச் சொன்னபோது, அசோலாவை வளர்த்துப் பார்க்கும்படி கூறினார். நீரில் மிதக்கும் சிறு பெரணி அது. பூப்பதில்லை, காய்ப்பதில்லை. பெரும்பாலும் துண்டு துண்டாகப் பிரிந்தே பெருகும். சூழல் வாய்த்தால் சில நாள்களில் இருமடங்காகிவிடும். அதன் இலைக்குழிவுகளில் அனபீனா என்னும் நீலப்பசும்பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகிறது. சீனத்திலும் வியட்நாமிலும் நெல்வயலுக்கு இது தழையுரமானதும், கால்நடைக்குப் புரதம் மிகுந்த தீனியானதும் இந்தக் கூட்டு வாழ்க்கையால்தான்.

கொல்லையில் 2 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஆழமற்ற குழி அமைத்துத் தார்ப்பாய் விரித்தேன். சலித்த மண்ணைப் பரப்பி, சாணக் கரைசலுடன் சிறிது சூப்பர் பாஸ்பேட்டும் கலந்து, 10 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர்விட்டு, ஒரு கிலோ அசோலாவைத் தூவினேன். அது சித்திரை மாதம். ஒரு வாரத்தில் பச்சை செம்பு நிறமாயிற்று. பின்பு பழுத்து அமிழ்ந்தது.

"கீரைப்பாத்திக்கே நிழல் தேடும் வெயில் இது. தண்ணீரில் மிதப்பது என்ன செய்யும்?" என்றார் அம்மா. மறுமுறை தென்னங்கீற்றுப் பந்தலை அவரே போடச் செய்தார்.

இம்முறை பதினைந்து நாள்களில் குழி நிறைந்தது. நாள்தோறும் அரைக்கிலோ அள்ளலாம் என்று அறிந்திருந்தும், நான் வரும்வரை தொடவேண்டா என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். முழுக் குழியையும் படமெடுத்து வகுப்பில் காட்டும் ஆசை! பத்து நாள் கழித்துச் சென்றபோது முடைநாற்றம் வாசலிலேயே எதிர்கொண்டது. ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிய செடிகளில் அடியிலிருந்தவை அழுகிவிட்டன.

"அள்ளாமல் விட்டால் கெடும் என்று தெரிந்தது. நீ சொன்னாயே என்று விட்டுவிட்டேன்," என்றார் அம்மா. நான் மறுமொழி கூறவில்லை. நல்லவற்றைப் பொறுக்கி எடுத்து, குழியைக் கழுவி, மீண்டும் விட்டோம்.

அதன்பின் குழி அம்மாவின் பொறுப்பாயிற்று. பத்து நாளுக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினார். மாதமொருமுறை மண்ணில் ஒரு பகுதியை மாற்றினார். காலையில் சல்லடையால் அள்ளி, சாணநாற்றம் போகும்வரை அலசித் தவிட்டில் பிசைந்து வைத்தார். முதல்நாள் பசு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு கை அளவில் தொடங்கி, நாளடைவில் கூட்டினார். வைக்கோலுக்கும் பசும்புல்லுக்கும் அசோலா ஈடாகும் என்பாரை நான் ஒப்பமாட்டேன். ஆயினும், பிண்ணாக்குச் செலவு குறைந்தது. மாட்டை விற்கும் பேச்சு மீண்டும் எழவில்லை.

சென்ற முறை போயிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெண்மணிக்கு அம்மா ஒரு கிண்ணம் நிறைய அசோலா அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "நம் குழி மறுபடியும் போனால், அங்கே ஒரு கை வாங்கிக்கொள்ளலாம்," என்றார்.