பக்கத்துப் பள்ளி டீச்சர்

ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் நாங்கள் பழகியது ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கு. எனக்கு வேலை கிடைத்ததோ ஜவ்வாது மலையில், ஈராசிரியர் பள்ளியில். தலைமையாசிரியர் கூட்டத்துக்கு ஜமுனாமரத்தூர் போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். மாறுதல் கலந்தாய்வு எப்போது வரும் என்று காத்திருந்தேன். அதை வெளியே சொல்லக் கூச்சம்.

செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த 2007-08 அது. ஆந்திராவின் ரிஷி வேலியில், சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையிலிருந்து வந்தது. பாடத்தை அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படியில் அடுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் அவரவர் வேகத்தில் ஏறலாம். பல வகுப்பு ஒரே அறையில் இருப்பது அந்த முறையில் குறையே இல்லை. பயிற்சியில் எல்லாம் புரிந்தது. பள்ளியில் அட்டையை விரித்ததும் சந்தைக்கடை ஆகிவிட்டது.

குறுவள மையக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து ஊர்ப் பள்ளியின் மூத்த டீச்சர், "ஒரு நாள் எங்க ஸ்கூல்ல வந்து உட்காரும்மா" என்றார். போனேன். அங்கே அட்டையில் சந்தேகம் வந்த பிள்ளை, அந்தப் படியை ஏற்கெனவே தாண்டிய பிள்ளையிடம் போனது. அங்கேயும் தீராவிட்டால்தான் டீச்சர். அவர் எழுத்துப் பழகும் நாலு பேரோடு பாயில் உட்கார்ந்திருந்தார். சத்துணவு சமைக்கும் அக்கா வந்து, எந்த வீட்டில் சாமை அறுப்பு, எந்தக் குடும்பம் காப்பித் தோட்ட வேலைக்குக் கிளம்புகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுப் போகச் சொல்லலாம் என்று டீச்சர் அப்போதே யோசித்தார்.

பிறகு அவர் என் பள்ளிக்கு வந்து பின்னால் உட்கார்ந்தார். சாயங்காலம் சொன்னார்: "எல்லாத்துக்கும் நீயே பதில் சொல்ற. அதான் எல்லாரும் உன்கிட்டயே வர்றாங்க."

அவர் பள்ளியைப் பார்த்தபோது எனக்கு ஆசைதான் வந்தது. என் வகுப்பு மாறியது அவர் வந்து பார்த்த பிறகுதான்.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரிந்தார்கள். முறை மாறினாலும், இப்போது பயிற்றுநராக இருக்கும் நான், மலைக்குப் புதிதாக வரும் ஆசிரியரைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு சேர்த்துவிடுகிறேன். இருவரும் மாறி மாறிப் போய்வர வேண்டும். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வெளியே போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் சுமக்க வேண்டும். அந்த நாளுக்கு ஆள் ஏற்பாடு செய்யாத பயிற்சித் திட்டம் மலைக்கு உதவாது.