தாழ்த்தினால் மட்டும் போதுமா?

ஒரு காரின் உயரத்தை மூன்று சென்டிமீட்டர் குறைப்பது மிகச் சிறிய காரியம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள், அல்லது ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் மரையுள்ள வளையத்தைச் சில சுற்றுகள் கீழே இறக்குகிறார்கள். வண்டி தரையோடு ஒட்டி அழகாக நிற்கிறது. சக்கரத்தின் கோணத்தை ஒருவரும் தொடவில்லை. ஆயினும் அந்தக் கோணம் மாறிவிடுகிறது. தொடாத ஒன்று எவ்வாறு மாறும் என்பதை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். ஸ்போர்ட்ஸ் கார்களின் மேல் ஆசை கொண்ட மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், இதை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு காரைக் கொள்வோம். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 என்னும் திறந்த இருவர் காரை உலகுக்குக் காட்டியது. எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோ. அதன் நான்கு சக்கரங்களிலும் 'டபுள் விஷ்போன்' என்னும் அமைப்பு உண்டு. அதாவது, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் உடற்சட்டத்தோடு பிணைக்கின்றன. மேல்கை குட்டையானது, கீழ்க்கை நீளமானது.

கீலில் மாட்டிய கதவின் விளிம்பு ஒருபோதும் நேர்கோட்டில் செல்வதில்லை, வளைந்தே செல்லும். இந்தக் கைகளும் அப்படித்தான். வண்டியைத் தாழ்த்தும்போது சக்கரம் தரையிலேயே இருக்க, உடல் மட்டும் இறங்குகிறது. ஆகையால் இரண்டு கைகளும் மேல்நோக்கித் திரும்புகின்றன. குட்டையான மேல்கை சிறிய வட்டத்தில் சுழல்வதால், அது சக்கரத்தின் தலைப்பகுதியை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. சக்கரம் மேலே உட்புறமாகச் சாய்ந்து நிற்கிறது. இச்சாய்வை மெக்கானிக்குகள் நெகட்டிவ் கேம்பர் என்பார்கள். அளவோடு இருந்தால் வளைவுகளில் டயர் சாலையை நன்றாகப் பற்றும். அளவு மீறினால் டயரின் உள்விளிம்பு மட்டுமே பாரத்தைச் சுமக்கும்.

இதைவிடக் கவனிக்கவேண்டியது 'டோ' என்னும் அளவு. மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனைகள் ஒன்றையொன்று நோக்குகின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதே டோ. முன்சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடும் ஒரு வட்டத்தில்தான் சுழல்கிறது. அதன் வட்டமும் சஸ்பென்ஷன் கைகளின் வட்டமும் முற்றிலும் ஒத்திராவிட்டால், உயரம் மாறிய உடனே சக்கரம் தன் திசையைச் சற்றே திருப்பிக்கொள்ளும். சில வண்டிகளில் உள்நோக்கித் திரும்பும். சிலவற்றில் வெளிநோக்கித் திரும்பும். ஸ்டியரிங்கை ஒருவரும் அசைத்திருக்கமாட்டார்கள்.

சிறிய அளவுதானே என்று சொல்லவேண்டாம்; கணக்கிட்டுப் பாருங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் டயர் சுமார் 580 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதன் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டு நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் 1.7 மீட்டர் அளவு பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அது 17 கிலோமீட்டர் ஆகும். ஒரு டயரை 17 கிலோமீட்டர் தூரம் குறுக்காக இழுத்துச் செல்ல நாம் மனமுவந்து சம்மதிப்போமா?

தேய்மானம் பணத்தோடு முடிந்துவிடும் காரியமும் அல்ல. பின்சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருந்தால், மழையில் நனைந்த வளைவில் ஓட்டுநர் திடீரென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது வண்டியின் பின்புறம் வழுக்கி விலகக்கூடும். அந்த வேளையில் வண்டியின் அழகு ஒருவரையும் காப்பாற்றாது.

அப்படியானால் தாழ்த்தவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. தாழ்த்தியபின் செய்யவேண்டியதைச் செய்து முடிக்கவேண்டும் என்றே சொல்லுகிறேன். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தேய்ந்த புஷ்களையும் பால் ஜாயிண்டுகளையும் மாற்றவேண்டும். ஆட்டம் கொடுக்கும் மூட்டில் எந்த அளவும் நிலைக்காது. டயர்களில் காற்று சரியாக இருக்கவேண்டும். பின்பு உயரத்தை அமைக்கவேண்டும். ஒரு மூலையை மட்டும் ஏற்றினாலோ இறக்கினாலோ, கால் குட்டையான மேசையைப்போல நான்கு சக்கரங்களின் பாரமும் மாறிவிடும். ஆகையால் நான்கையும் சேர்த்தே அளக்கவேண்டும். ஓட்டுநரின் எடையும் இருக்கையில் இருப்பது நல்லது. ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தன் புதிய உயரத்தில் நிற்கும்போதே இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் தன் நிலைக்கு வந்தபின்பே அலைன்மென்ட்டைத் தொடங்கவேண்டும்.

அலைன்மென்ட்டிலும் பின்சக்கரம் முந்தியது, முன்சக்கரம் பிந்தியது. ஒவ்வொன்றிலும் கேம்பரையும், முன்சக்கரமானால் காஸ்டரையும் முதலில் அமைத்து, டோவைக் கடைசியில் அமைக்கவேண்டும்; ஏனெனில் கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், முன்பு செய்த வேலை வீணாகும். எம்எக்ஸ்-5 காரில் இதற்கென்றே கீழ்க்கைகளின் உள்முனையில் மையம் விலகிய போல்ட்டுகளை வைத்திருக்கிறார்கள். எல்லா வண்டிகளுக்கும் இந்த வசதி இல்லை. சிலவற்றில் டோவை மட்டுமே மாற்றமுடியும். கேம்பருக்குத் தனி உறுப்புகள் வாங்கவேண்டியிருக்கும். வாங்குமுன் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்பிரிங்குகள் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னும் சற்றுத் தாழக்கூடும்; அப்போது மறுபடியும் அளந்து பார்க்கவேண்டும்.

பிரியமானவர்களே, வீடுகளிலும் இதைக் காண்கிறோம். ஒரு குடும்பத்தின் வருமானம் குறைகிறது. அல்லது முதிர்ந்த தாயார் ஒருவர் வந்து தங்குகிறார். மாறியது ஒன்றுதான். ஆனால் உறக்கம், சமையல், பிள்ளைகளின் படிப்பு, கணவன் மனைவி பேசிக்கொள்ளும் நேரம் என்று ஒருவரும் தொடாதவை எல்லாம் தத்தம் கோணத்தில் சிறிது திரும்பிவிடுகின்றன. அந்த மாற்றம் தவறானது அல்ல. அதற்குப் பின்பு ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து, எது எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் விடுவதே தேய்மானத்தைக் கொண்டுவருகிறது.

தாழ்த்தப்பட்ட வண்டியின் டயர் உள்விளிம்பிலேயே தேய்கிறது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அது புதிய டயரைப்போலவே தோன்றும். உள்ளே கம்பி வெளிப்பட்டிருப்பது, முழங்காலில் நின்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பவருக்கே தெரியும். உங்கள் பிள்ளையின் வண்டி அண்மையில் தாழ்த்தப்பட்டிருக்குமானால், இந்த வாரமே அவர்களோடு சேர்ந்து அப்படிப் பாருங்கள். நான்கு டயர்களையும் பாருங்கள்.