ஹீலே பண்ணாத ஹீலர்

ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் எங்க ஹாஸ்டல் வைஃபை கொஞ்சம் மூச்சு விடும். அந்த நேரத்தில் நானும் என் ரூம்மேட்டும் விளையாடுறது ஃபைனல் ஃபேண்டஸி 14. லெவல் 70 வரைக்கும் ஃப்ரீ ட்ரயல். பர்ஸுக்குப் பிரச்சினை இல்லை.

விளையாடாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சாதாரண டஞ்சனுக்கு நாலு பேர் போகணும். அடி வாங்க ஒரு டேங்க், அடி கொடுக்க ரெண்டு பேர், எல்லாரையும் உயிரோட வச்சிருக்க ஒரு ஹீலர். அவன் டேங்க், நான் ஹீலர்.

ஹீலரில் நாலு வகை. ஒயிட் மேஜும் அஸ்ட்ரோலஜியனும் விழுந்த அடியை ஆத்துறவங்க. ஸ்காலரும் சேஜும் அடி விழுறதுக்கு முன்னாடியே ஷீல்டு போடுறவங்க. அஸ்ட்ரோலஜியன் கார்டு எடுத்துக் கொடுத்து மத்தவங்க அடியோட பலத்தையும் கூட்டும். சேஜ் எதிரியை அடிக்க அடிக்க, அது குறிச்சு வச்ச ஆளுக்கு உயிர் ஏறும். ஆனா சேஜ் ஃப்ரீ ட்ரயலில் கிடையாது.

நான் ஆரம்பிச்சது ஒயிட் மேஜில். லெவல் 50-ல் பெனடிக்‌ஷன் வரும். சாகக் கிடக்கிறவனோட உயிரை ஒரே அமுக்கில் முழுசா நிரப்பிடும், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை. அதை அமுக்கும்போது வர்ற கெத்து இருக்கே! "காப்பாத்திட்டடா!"ன்னு பக்கத்துக் கட்டிலில் இருந்து சத்தம் வரும்.

அப்புறம் ஸ்காலருக்கு மாறினேன். ஈயோஸ்னு ஒரு குட்டித் தேவதை கூடவே வந்து தானா ஹீல் பண்ணும். நம்ம முக்கிய வேலை அட்லோகியம். அது ஹீலோட சேர்த்து ஒரு ஷீல்டும் போடும். ஆனா ஷீல்டு 30 செகண்ட்தான் நிக்கும். சீக்கிரம் போட்டா வீண், லேட்டா போட்டா டேங்க் காலி. எதிரி எப்போ கை ஓங்குறான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.

லெவல் 47-ல் ஆரம் வேல்னு ஒரு டஞ்சன். முதல் அறையிலேயே கால் வைக்க இடமில்லாம எதிரிங்க நிப்பாங்க. நம்ம லெவலையும் கேம் இறக்கிடுறதால பெனடிக்‌ஷன் வேலை செய்யாது. ஒயிட் மேஜா போனப்போ ரெண்டு தடவை மொத்த பார்ட்டியும் செத்தோம். ஸ்காலரா போனப்போ அலுங்காம தாண்டிட்டோம். முடிஞ்சதும் அவன் கேட்டான், "இன்னிக்கு நீ ஹீலே பண்ணல போல?" எனக்குச் செம கடுப்பு.

போன செமஸ்டரில் அவனுக்கு டைஃபாய்டு. ஊருக்குப் போயிட்டு வந்தும் கிளாஸுக்குப் போகல. "டயர்டா இருக்குடா"ன்னு படுத்தே கிடந்தான். ராத்திரி கேமில் அவன் உயிரை நொடிக்கு நொடி பார்த்த நான், பகல்ல அவனைப் பார்க்கவே இல்லை. அட்டெண்டன்ஸ் 71-ன்னு ஹால் டிக்கெட்டை நிறுத்தின பிறகுதான் ஓடினேன். மெடிக்கல் சர்டிஃபிகேட், அபராதம், ஹெச்ஓடி கையெழுத்துன்னு மூணு நாள் அலைச்சல். எப்படியோ பரீட்சை எழுதினான். "தெய்வம்டா நீ"ன்னு கட்டிப்பிடிச்சான். எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு. நாலு வாரம் முன்னாடியே, "என்னடா ஆச்சு?"ன்னு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தா இந்த மூணு நாளே தேவைப்பட்டிருக்காது.

இந்த செமஸ்டரில் புதுசா ஒண்ணும் செய்யல. காலையில் ரெண்டு டீ வாங்கிட்டு வந்து எழுப்புவேன். கிளாஸுக்குச் சேர்ந்து நடப்போம். வெள்ளிக்கிழமை ரெண்டு பேர் அட்டெண்டன்ஸையும் பார்ப்போம். தினமும் போட்டாத்தான் இந்த ஷீல்டும் நிக்கும்.

போன வாரம் ஹால் டிக்கெட் வந்துச்சு. "பாருடா, இந்தத் தடவை எந்தப் பிரச்சினையும் இல்லாம தானா வந்துடுச்சு"ன்னான்.

இந்தத் தடவை எனக்குக் கடுப்பு வரல. "ஆமாடா"ன்னு சொல்லிட்டு லாகின் பண்ணினேன்.

உங்க பக்கத்துக் கட்டிலில் யாராவது ரொம்ப நாளா "டயர்டா இருக்கு"ன்னு சொல்லிட்டிருக்காங்களா? இன்னிக்கே கேட்டுடுங்க.