மகாலில் வாய்தா

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்து ஆட்கள் மகாலுக்குப் போய் வந்தேன் என்றால், சுற்றிப் பார்க்கப் போனதாக அர்த்தமில்லை. வாய்தாவுக்குப் போய் வந்திருப்பார்கள். மதுரை திருமலை நாயக்கர் மகாலில்தான் 1970 வரை மாவட்ட நீதிமன்றம் நடந்தது. 1996-இல் தேனி தனி மாவட்டமாகும்வரை நாங்களும் மதுரை மாவட்டத்துக்காரர்கள். வரப்புத் தகராறு அப்பீலுக்குப் போனாலும் கொலைக் கேஸ் என்றாலும் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியாக வேண்டும்.

1636-இல் கட்டிய அரண்மனை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்கிறார்கள். இன்று நிற்பது ஏறத்தாழ கால்வாசிதான். இடிந்து கிடந்த அதையும் 1860-களில் மதராஸ் கவர்னர் நேப்பியர் பிரபு செப்பனிட வைத்தார். அதன்பின் கட்டடத்தைக் காப்பாற்றியதில் கோர்ட்டுக்கும் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். தினமும் ஆள் புழங்கும் இடத்தில்தான் ஒழுகும் கூரையை யாராவது கவனிப்பார்கள்.

ஒருமுறை அப்பாவோடு மகாலுக்குப் போயிருந்தேன். அங்குள்ள சொர்க்கவிலாச மண்டபத்தின் குவிமாடம் உத்திரமே இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா பார்த்தது ஒரு தூணை. "இதுலதான்ப்பா தாத்தா சாஞ்சு உக்காந்திருப்பாரு. டவாலி மூணு தரம் பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. அதுக்குள்ள ஓடணும், இல்லேன்னா அடுத்த வாய்தாதான்."

தூணின் சுதை வழவழவென்றிருந்தது. கை எட்டும் உயரத்தில் மட்டும் சாவியால் கீறிய பெயர்கள், இதயப் படங்கள். அப்பா அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. நிலத்தை அடகு வைத்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தவர்கள் சாய்ந்த தூண் அது.

இங்கே நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில் சிலப்பதிகாரக் கதை வரும். மதுரையில் நீதி கேட்ட கண்ணகிக்குக் கோயில் இருப்பது எங்கள் கூடலூருக்கு மேலே, மங்கலதேவி மலையில். சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறப்பார்கள். அவள் நடந்து வந்த வழிக்கு எதிர்த்திசையில் எங்கள் ஊர் சனம் நீதி கேட்டு மதுரைக்குப் போயிருக்கிறது. அந்தக் கதையையும் யாராவது சொல்ல வேண்டும்.

தேனிப் பக்கத்து வீடுகளில் பரண்மேல் பழைய தீர்ப்பு நகல்கள் இன்னும் கிடக்கும். கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். மகால் கோர்ட்டில் ஏறி இறங்கியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.