வாழ்த்துப்பாவும் வாக்குச்சீட்டும்

கல்முனைக் கரையிலுள்ள பாடசாலையொன்றில் நாம் தமிழ் கற்பிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், பாராளுமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், கொழும்பிலே பெருவணிகம் நடத்தும் செல்வர் ஒருவர் எமது பாடசாலைக்கு வருகை தந்தார். நீர்த்தாங்கியொன்றை அன்பளிப்புச் செய்ய வந்தவர், வேட்பாளராகவும் வந்தார். வாழ்த்துப்பா எழுதும் பொறுப்பு, தமிழ்ப் பட்டதாரி என்ற வகையில், எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நாமும் எழுதினோம். பாரியையும் ஓரியையும் துணைக்கழைத்தோம், கொடைக்கடல் என்றோம், குலவிளக்கு என்றோம். அவரைப் பற்றி எமக்குத் தெரிந்திருந்ததோ அவருடைய பெயர் மட்டுமே.

விழா முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், அவர் எங்களுக்காகப் பேசத்தானே அங்க போகப் போறார்? எங்கட வட்டைக்கு எப்ப தண்ணி விடுவாங்க எண்டு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவளுடைய வாப்பா பிறர் காணியில் வேளாண்மை செய்பவர். எம்மிடம் விடை இருக்கவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த கதையை நூறு முறை கற்பித்த எமக்கு, வள்ளலுக்கும் பிரதிநிதிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறுமிக்கு விளக்கத் தெரியாது போயிற்று.

அன்றைய வெட்கமே எம்மை எமது கரையின் தேர்தல் வரலாற்றின் பக்கம் திருப்பியது. தேடிச் சென்றபோது, அந்த வரலாற்றின் முதற் பக்கத்திலேயே ஒரு வணிகர் நின்றிருந்தார். அவர் பெயர் முகம்மது மாக்கான் மாக்கார்.

1860-ஆம் ஆண்டில் காலியிலே தொடங்கப்பெற்ற இரத்தினக்கல் வணிக நிறுவனம் அவருடைய குடும்பத்துக்குரியது. கொழும்பின் அலைதடுப்பு அணை 1885-இல் நிறைவுறும்வரை தூரதேசக் கப்பல்கள் பெரும்பாலும் காலியிலேயே தங்கிச் சென்றன. துறைமுகத்தில் இறங்கும் ஐரோப்பியப் பிரயாணிகளுக்கு நீலக்கல்லும் மாணிக்கமும் விற்று வளர்ந்த வணிகம், கப்பல்கள் கொழும்புக்கு மாறியபோது தானும் கொழும்புக்கு மாறியது. இரத்தினபுரிக் குழியில் இடுப்பளவு சேற்றில் நின்று கல்லை எடுப்பவன் ஒருவன். பட்டை தீட்டுபவன் மற்றொருவன். அதன் விலையை நிர்ணயிப்பவன் மூன்றாமவன். இந்த மூன்றாமவரின் வரிசையிலே நின்று செல்வமும் செல்வாக்கும் பெற்றவர் மாக்கான் மாக்கார்.

1924-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் சட்டநிரூபண சபைக்குச் சென்றார். அக்காலத்தில் முஸ்லிம்களுக்கென மூன்று இனவாரி ஆசனங்கள் இருந்தன. அவரோடு ரி. பி. ஜாயாவும் என். எச். எம். அப்துல் காதரும் அவற்றை நிரப்பினர். அந்நாளில் வாக்குரிமை பெற்றிருந்தோர் நாட்டு மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே. கல்வியும் வருமானமும் உள்ளவனே வாக்காளன். வட்டையில் வியர்வை சிந்தியவனுக்கும் மருதமுனைத் தறியில் அமர்ந்தவனுக்கும் அந்தச் சபையோடு யாதொரு தொடர்பும் இருக்கவில்லை.

பின்னர் டொனமூர் ஆணைக்குழு வந்தது. அதன் சிபாரிசுகள் 1929-இல் 17 வாக்குகளுக்கு எதிராக 19 என்ற சிறு வித்தியாசத்தில் சபையிலே நிறைவேறின. அத்திட்டம் இனவாரி ஆசனங்களை ஒழித்தது. 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. வரலாற்றின் விந்தையை இங்கே காண்கிறோம். போடியாருக்கும் அவரிடம் முற்பணமும் விதைநெல்லும் பெற்று, அறுவடையில் அதைத் திருப்பியளிக்கும் வயற்காரனுக்கும் ஒரே எடையுள்ள வாக்கு கிடைத்தது. வேலிக்கு வெளியே முகங்காட்டாத எமது பாட்டிமாருக்கும் அது கிடைத்தது. அதே வேளையில், இனவாரி ஆசனத்தை இழந்த தலைநகரத் தலைவர்கள் தமக்கொரு தொகுதியைத் தேட வேண்டியவராயினர். முஸ்லிம்கள் செறிந்து வாழும் கரை எது? கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய ஊர்களைக் கொண்ட மட்டக்களப்புத் தெற்கு. எமக்கு வாக்கு கிடைத்த அதே ஆண்டில், அந்த வாக்கைத் தேடிக் கொழும்பும் வந்து சேர்ந்தது.

1931 ஜூனில் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. மட்டக்களப்புத் தெற்கோ மாக்கான் மாக்காரை அனுப்பியது. சபையின் நிருவாகக் குழுக்கள் ஏழு; ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்யும் தலைவரே அமைச்சர். போக்குவரத்து, மராமத்துக் குழுவின் தலைவராகி, இந்நாட்டின் முதல் முஸ்லிம் அமைச்சரானார் அவர்.

அவரைப் பழிப்பது எமது நோக்கமன்று. அவருடைய கைகள் கட்டப்பட்டிருந்தன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிதியின் திறவுகோல் ஆங்கிலேய நிதிக் காரியதரிசியிடமே இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் தேயிலை, இறப்பர் விலைகளை வீழ்த்தி, அரசாங்கத்தின் வருவாயையும் வற்றச் செய்திருந்தது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. புகையிரதம் 1928-இல் மட்டக்களப்பை வந்தடைந்து அங்கேயே நின்றது. புகையிரதமும் தெருக்களும் அடங்கிய இலாகாவின் அமைச்சர் எமது கரையின் பிரதிநிதியாகவே இருந்தார். அந்தத் தண்டவாளம் இன்றுங்கூட மட்டக்களப்புக்குத் தெற்கே ஓரடி நகரவில்லை. அதை அவரால் நீட்ட முடிந்திருக்குமா என்பதைவிட, அதைப் பற்றி அவரிடம் கேட்கும் உரிமை தமக்குண்டு என்று எமது முன்னோர் எண்ணினரா என்பதே எம்மை வருத்தும் வினா.

1936-ஆம் ஆண்டுத் தேர்தலில் தொகுதிவழி ஒரு முஸ்லிமேனும் தெரிவாகவில்லை. அவர் வகித்த அமைச்சு ஜோன் கொத்தலாவலையிடம் சென்றது. மாக்கான் மாக்கார் பின்னாளில் சேர் பட்டம் பெற்றார். சுதந்திர இலங்கையின் செனற் சபையிலும் அமர்ந்தார். இரத்தினக்கல் வணிகம் தொடர்ந்தது. வயற்காரனின் முற்பணக் கடனும் தொடர்ந்தது.

இது ஒரு மனிதரோடு முடிந்த கதையன்று. 1952-இல் பொத்துவில் தொகுதி கொழும்பிலிருந்து றாசிக் பரீத்தைத் தெரிவு செய்தது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்காரின் வழிவந்த செல்வக் குடும்பம் அவருடையது. "வெளியூரார் வேண்டாம், மண்ணின் மைந்தரே வேண்டும்" என்று சொல்வோர் உளர். அந்த மருந்தையும் நாம் அருந்திப் பார்த்திருக்கிறோம். 1956-இல் கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றனர். இருவரும் இக்கரையின் மைந்தர்கள். வென்றபின் இருவரும் அரசாங்கத் தரப்புக்குச் சென்றனர். கேட்டு வாக்களித்த கொள்கை ஒன்று, அமர்ந்த ஆசனம் வேறொன்று. இலஞ்ச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை 1960-இல் வந்த பின்னரும் கல்முனை வாக்காளர் 1965-இல் காரியப்பரை மீண்டும் அனுப்பினர். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட தனிச் சட்டமொன்று அவருடைய குடியியல் உரிமையையும் ஆசனத்தையும் பறித்தது. கணக்குக் கேட்டது கொழும்பு, கல்முனை கேட்கவில்லை.

ஆகவே, குறை வணிகரிடம் மட்டும் இல்லை. வெளியூராரிடம் மட்டும் இல்லை. பணம் படைத்தவர் ஆசனத்தை நாடுவது வர்க்க சமுதாயத்தின் இயல்பு. அவரை வள்ளலாக்கி, வாக்கை நன்றிக்கடனாக மாற்றுவது யார்? அந்தத் தொழிலை எம்மைப் போன்றோர் செய்கிறோம். நீர்த்தாங்கிக்கு நன்றி சொல்லப் பழகிய பிள்ளை, வரவுசெலவுத் திட்டத்தில் தன் பாடசாலைக்குரிய பங்கைக் கேட்க எங்ஙனம் பழகும்? வயற்காரன் போடியாரிடம் விதைநெல் பெற்றதால் வாய் திறவாதிருந்தான். கடன் எதுவும் பெறாத ஆசிரியர் நாம், எதற்காக வாய் மூடியிருந்தோம்?

எமது முன்னோரிடம் இல்லாத கருவிகள் சில இன்று எம்மிடம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றுள் ஒன்று. வேட்பாளர் தேர்தலுக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு வரம்பிட்டு, அச்செலவுக்குக் கணக்கும் கேட்கும் 2023-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம் மற்றொன்று. பாராளுமன்ற உறுப்பினர் தம் சொத்துக்களையும் கடன்களையும் வெளிப்படுத்த வேண்டுமென்ற விதியும் இருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகம் தானாகப் பேசாது. அதை வாசித்துக் கேள்வி கேட்கும் வாய் வேண்டும்.

நாம் அந்த மாணவியிடம் திரும்பிச் சென்றோம். வகுப்பறையில் மாக்கான் மாக்காரின் கதையைச் சொன்னோம். எமது வாழ்த்துப்பாவையும் வாசித்து, அதிலே உண்மையான வரிகள் எத்தனை என்று மாணவரையே எண்ணச் சொன்னோம். அவர்கள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். பின்னர் கட்டுரைப் பாடத்துக்கு ஒரு தலைப்புக் கொடுத்தோம்: "எமது பிரதிநிதியிடம் நாம் கேட்கும் ஐந்து வினாக்கள்". நீர் விடும் நாள், தறி நூலின் விலை, மீனவர் தோணித்துறை, கடலரிப்பு, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் என்று நாற்பது தாள்கள் வந்து குவிந்தன. எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. வினாக்களில் பிழை எதுவும் இருக்கவில்லை.

அடுத்த தேர்தலிலும் எமது பாடசாலைக்கு யாரேனும் ஒரு செல்வர் வருவார். அவரை வரவேற்போம், விருந்தினரை வரவேற்பது எமது மரபு. வாழ்த்துப்பா மட்டும் எழுத மாட்டோம். அந்தத் தாள்களில் ஒன்றை அம்மாணவியைப் போன்ற ஒருத்தி மேடையில் நின்று வாசிப்பாள். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலைகளிலும் அப்படியொரு தாள் ஆயத்தமாக இருக்கட்டும்.