வேலியில் ஒரு பொட்டு

ஆலங்குடாவுக்கு வருகிறவர்கள் நேரே மேற்கே, கடற்பக்கம் போய்விடுவார்கள். டொல்பின் காட்டுகிற படகுகள் அங்கேதான். எனக்குப் படகில் தலை சுற்றும், முழங்காலும் சரியில்லை. அதனால் பாலாவி–கற்பிட்டி வீதியைத் தாண்டிக் கிழக்கே, களப்புக் கரைக்கு நடந்தேன். "சைக்கிளிலயும் போகலாம், அப்பிடி ஒரு பாதை" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லியிருந்தார்கள்.

பாதை என்றது கைவிட்ட இறால் பண்ணை ஒன்றின் வரம்பு. ஒரு பக்கம் களப்பிலிருந்து உள்ளே வளைந்து வரும் ஓடை, மறுபக்கம் சேறு காய்ந்து வெடித்த சதுரத் தொட்டிகள். ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தில் கண்டலை வெட்டி வெட்டி இறால் வளர்த்தார்கள். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து பலரைக் கடனாளியாக்கியது. இந்தத் தொட்டிகளை ஆள் விட்டுப் போனபின் கண்டல் தானாக உள்ளே வந்திருக்கிறது. மேடு பள்ளம் இல்லை, கல் இல்லை. கொழும்பில் இப்படி நடக்கப் பலகை பதித்துச் சீட்டும் கிழித்துத் தருவார்கள்.

தெற்கே நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி, எங்கு திரும்பினாலும் கூடவே வந்தது. அதைப் பார்க்காமல் இருந்தால் மணல், வெங்காயத் தோட்டம், கிணறு எல்லாமே ஊரை ஞாபகப்படுத்தின. ஊர்ப் பெருமையும் சேர்ந்து வந்தது. 1344 இல் மொரோக்கோ நாட்டு இபுனு பதூதா புத்தளக் கரையில் இறங்கியபோது அவரை வரவேற்றவர் எங்கள் யாழ்ப்பாணத்து அரசன் ஆரியச் சக்கரவர்த்தி. முத்துக் கொடுத்து, பல்லக்குக் கொடுத்து, பாவா ஆதம் மலைக்கு அனுப்பிவைத்தார். யாழ்ப்பாணத்தான் இங்கே விருந்தாளி இல்லை, ஒரு காலத்தில் விருந்து வைத்தவன் என்ற நினைப்போடு நடந்தேன்.

வரம்பு முடிகிற இடத்தில் ஒரு கிடுகு வேலி. இந்தப் பக்கத்தில் முள்ளுக்கம்பியும் தகரமும்தான் பார்த்திருந்தேன். இதுவோ கிளுவைக் கதிகால் நட்டு, கிடுகை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி இறுக்கிய வேலி. மூலையில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டும் இருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு வயோதிபர் கட்டு அவிழ்ந்த இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நானா, வேலி எங்கட ஊர் வேலி மாதிரிக் கிடக்கு."

அவர் திரும்பாமலே கேட்டார்: "யாழ்ப்பாணத்தில எவடம் தம்பி?"

சொன்னேன்.

"நான் சோனகத் தெரு. பெரியகடையில தையல் கடை வச்சிருந்தனான். ரண்டு மெசின்."

அதற்குமேல் அவர் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது, ஆனாலும் சொன்னார். ஒலிபெருக்கியில் கூப்பிட்டதையும், ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குப் போனதையும், ரண்டு மணித்தியாலம் தந்ததையும். பாதி தைத்த கலியாணச் சட்டை ஒன்று மெசினிலேயே கிடந்ததாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்க்காரர் கடலால் வந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் தரையால் வந்தார்கள். ஆலங்குடாவில் ஓலைக் கொட்டில்கள் எழும்பின.

"எந்தத் திகதி நானா?"

"ஒக்டோபர் முப்பது."

எனக்கு அந்தத் திகதி வேறு விதமாகத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட அன்று, நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட மழையில் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்து வயசுப் பொடியன் நான். வருசா வருசம் அதைப் பற்றிக் கதைக்கிறோம், எழுதுகிறோம். சரியாக ஐந்து வருசத்துக்கு முன் அதே நாளில் பக்கத்துத் தெரு காலியானதை எங்கள் வீட்டில் ஒருவரும் சேர்த்துச் சொன்னதில்லை. ஆரியச் சக்கரவர்த்தியின் பல்லக்கு ஞாபகம் வந்து வெட்கமாயிருந்தது.

என்ன சொல்வதென்று தெரியாமல் ஓடையைக் காட்டினேன். கண்டல் விதை மரத்திலேயே முளைத்து, விழுந்து, மிதந்து போய், ஒதுங்கிய சேற்றில் வேர்விடும் என்று ஏதோ அழகாகத் தொடங்கினேன்.

"அது தானா விழுறது, தம்பி" என்றார் அவர்.

இப்போது திரும்பிப் போகலாமே என்று கேட்க வாயெடுத்து, நல்லகாலம், கேட்கவில்லை. பையில் புழுக்கொடியல் இருந்தது. ஊரிலிருந்து யாருக்கோ கொண்டுவந்தது. நீட்டினேன். மணந்து பார்த்தார். உள்ளே திரும்பி, "தேங்காச் சொட்டுக் கொண்டா மகள்" என்று கூப்பிட்டார். பேத்தி ஒரு தட்டில் சொட்டும் இரண்டு கோப்பை பிளேன்டீயும் கொண்டுவந்தாள். அவருக்குப் பல் இல்லை. கல்லில் வைத்து இடித்து, சொட்டோடு வாயில் போட்டு நெடுநேரம் ஊறவைத்தார். பேத்தி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "என்ன இது, மரவேரா?" என்று வேலிக்கு அப்பால் துப்பினாள். அவர் சிரித்தார். மிச்சத்தை எண்ணிச் சாரத்து மடியில் முடிந்துகொண்டார்.

வெளிக்கிடும்போது பொட்டைக் காட்டினார். "இதால போனா றோட்டு கிட்ட. அங்கால வளவு இந்த ஊர்க்காரற்ற. வேலி கட்டிப்போட்டு ஏன் ஓட்டை விடுறீங்கள் எண்டு முதல்ல கேட்டவை. இப்ப அவையின்ர கோழி முழுக்க இஞ்சதான்."

குனிந்தேன். முழங்கால் விண்ணென்று வலித்தது. எனக்கு முன்னால் ஒரு கோழி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.